பெருகாத அம்மை

செவ்வாய்க்கிழமை காலை, லேபில் அன்றைய முதல் ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தபோது சேவூரிலிருந்து போன் வந்தது. தவமணி அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா பேசினார். "உங்ககூட வேலை செஞ்சிகினு இருந்த தவமணி போயிடுச்சும்மா. காலைல கதவே தொறக்கல. உள்ள போயி பார்த்தா கீழ விழுந்து கெடக்குது." மூளையில் ரத்தம் கசிந்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம். அதைச் சொன்ன கையோடு குரலைத் தாழ்த்தி, "அந்த நோவுதானம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஆரணியில் அக்காவை அறிந்த நீங்கள் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஆரணியில் ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து படித்து வந்த டெக்னீஷியன் அக்கா. நான் பட்டு நெசவு வீட்டுப் பெண். ரிப்போர்ட் எழுதிக் கவரில் போட்டு ஒட்டுவது என் வேலை. எய்ட்ஸ் என்ற சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. ஒருமுறை ஒரு லாரி டிரைவரின் ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று எழுதப் போனேன். அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "ஒரே ஒரு டெஸ்ட்ட நம்பி ஒரு மனுசன் தலையில எழுதாத, சுமதி. இன்னொரு தரம் பார்க்கலாம்." இன்னொரு தரமும் அதேதான் வந்தது. மூன்று மாதம் கழித்து அந்த டிரைவரின் மனைவி வந்தார். அவருக்கும் அதே கவர்தான் ஒட்டினேன்.

"எத்தினி வருசத்துக்குத்தான் கவர் ஒட்டிகினே இருப்ப?" பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சென்னையில் நடந்த எய்ட்ஸ் தடுப்பூசிச் சோதனைக்குப் பெயர் கொடுத்தபோது அக்கா என்னிடம் சொன்ன ஒரே காரணம் அதுதான். ஊசியைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். பெரியம்மைக்குத் தடுப்பூசியாகப் போட்ட கிருமியை எடுத்து, கோழிக்கருவின் செல்களில் பல நூறு தடவை வளர்த்து, மனித உடம்பில் பெருக முடியாதபடி ஆக்கியிருக்கிறார்கள். அதற்குள் எய்ட்ஸ் கிருமியின் சில துண்டுகளை மட்டும் செருகியிருக்கிறார்கள். அந்தத் துண்டுகளைப் பார்த்து உடம்பு எதிர்க்கக் கற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ஊசியால் எய்ட்ஸ் வராது. ஆனால் பிறகு சாதாரண ரத்தப் பரிசோதனை செய்தால் 'பாசிட்டிவ்' என்று காட்டக்கூடும். அதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

இத்தனையிலும் என் மண்டையில் ஏறியது 'அம்மை' என்ற ஒரு சொல்தான். எங்கள் வீட்டில் அம்மை கண்டால் தாளிக்க மாட்டார்கள், கறி எடுக்க மாட்டார்கள். முதல் ஊசி போட்டுக்கொண்டு அவர் திரும்புகிற அன்று வேப்பிலையும் இளநீரும் வாங்கிக்கொண்டு சேவூருக்குப் போய், அவர் வீட்டு நிலையில் வேப்பிலையைச் செருகினேன். வீட்டுக்கார அம்மா பதறி ஓடி வந்து யாருக்கு அம்மை என்று கேட்டார். "அம்மை இல்லீங்க, அம்மை ஊசி. எய்ட்ஸுக்குப் போட்டுக்கினாங்க" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு அக்கா வந்தார். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இது பெருகாத அம்மை, சுமதி. ஆத்தா வந்த ஜோருல போயிடுவா. ஜல்தியா தட்டு எடு, ஆறிடப் போவுது." இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டோம். வீட்டுக்கார அம்மா காதில் எய்ட்ஸ் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது என்பது எங்களுக்கு அன்று தெரியாது.

பிறகு லேப் கைமாறியது. புதிய முதலாளி ஊழியர் எல்லோருக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். அக்காவுக்கு 'பாசிட்டிவ்' வந்தது. அவர் பதறவில்லை. ஊசி போட்ட இடத்தில் கொடுத்திருந்த அட்டையைக் காட்டினார். சென்னைக்குப் போய், கிருமியையே தேடிப் பார்க்கும் வேறு பரிசோதனை செய்து, அது இல்லை என்று எழுதியும் வாங்கி வந்தார். முதலாளி கெட்டவர் இல்லை. "எனக்குப் புரியுதும்மா. ஆனா சேவூர்ல ஏற்கெனவே பேசிகினு இருக்காங்களே, வர்றவங்களுக்கெல்லாம் யாரு சொல்லிகினு இருக்கறது?" என்றார். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே என்னிடம் திரும்பி, "ஊசி போட்டுக்கின விசயம் உனக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த பெஞ்சில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இருந்தார். "தெரியாதுங்க" என்றேன். அக்கா ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த சிரிஞ்சுகளை டப்பாவில் அடுக்கி மூடிவிட்டுக் கை கழுவப் போனார். வெட்கக்கேடு என்பதைத் தவிர அதற்கு என்னிடம் வேறு பெயர் இல்லை.

அந்த மாதமே எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டில் வேறொரு லேபில் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்தார். சேவூரில் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பதை விட்டுவிட்டார்கள். தெருக்குழாயில் அவர் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். எப்போதாவது நான் போவேன். தங்கை சௌக்கியமா என்று விசாரித்து டீ போட்டுத் தருவார். சோதனை முடிந்த சேதியையும் அப்படி ஒரு நாளில்தான் சொன்னார். ஊசியால் கெடுதல் இல்லையாம். நோயைத் தடுக்க அது மட்டும் போதாதாம். "அப்ப வீணாக்கா?" என்றேன். "போதாதுன்னு தெரிஞ்சிதுல்ல. அதுக்கும் யாராச்சும் கையை நீட்டினாத்தான தெரியும்." டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமதான் பேஜாரா இருக்குது சுமதி. பொழுதே போவ மாட்டேங்குது" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த தம்பி மனைவி வாசலைத் தாண்டவில்லை. குளிப்பாட்ட யாரும் முன்வரவில்லை. "அப்படியே எடுத்துடலாங்க" என்றார் தம்பி. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அக்காவின் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "இவங்களுக்கு எந்த நோயும் இல்லீங்க. மத்தவங்களுக்கு வரக்கூடாதுன்னு ஊசி போட்டுக்கினாங்க, அவ்ளோதான். எனக்கு அப்பவே தெரியும்."

வீட்டுக்கார அம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே வந்து, ஒரு சொம்பு மொண்டு அக்காவின் காலில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அப்பவே தெரியும்னா, அப்பவே ஏம்மா சொல்லல?"

அக்காவின் பொருள் எதையும் நான் எடுத்து வரவில்லை. அவர் நினைவாக என்னோடு வந்தது அந்தக் கேள்வி ஒன்றுதான். இத்தனை வருடத்தில் அக்கா அதை ஒருநாள்கூட என்னிடம் கேட்கவில்லை.