புஷ்பம் வாங்கிய மூன்று ஊசி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் ஒன்றை ஒன்பதாக்குகிறவன் என்று என் மனைவி மேபல் சொல்லுவாள். நம்பாதீர்கள், இதில் ஒன்பதை ஒன்றாக்கித்தான் தந்திருக்கிறேன்!

1937. கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நான். தொண்டை அடைப்பானுக்குப் புது ஊசி வந்திருந்தது. பிள்ளைகளின் வரிசை கொழும்பு வரைக்கும் நீண்டது என்றே வையுங்கள். கொழுந்து பறிக்கும் வேலாயியின் மூத்த மகள் புஷ்பம், ஒன்பது வயது, கை நீட்டினாள். போட்டேன். கொஞ்ச நேரத்தில் தங்கச்சியின் சட்டையில் மறுபடி வந்தாள். அப்புறம் தம்பியின் சட்டையில், பொத்தான் தெறிக்க.

"பேரு?"

"பழனியாண்டிங்க."

"மீசை எப்படா முளைக்கும், பழனியாண்டி?"

வரிசையே சிரித்தது. அவள் கிசுகிசுத்தாள்: "சின்னதுகளுக்கு வலிக்குங்க ஐயா. நானே வாங்கிக்கிறேன்."

எனக்குப் பெரிய பகிடி! மூன்றையும் அவளுக்கே குத்திவிட்டு, மூன்று பேருக்கும் போட்டதாகப் பதிந்தேன்.

மூன்றாம் மாதம் அடைப்பான் வந்தது. மூன்று பேரும் ஒரே பாயில் படுத்தவர்கள். சின்னவை இரண்டும் தொண்டை அடைத்துச் செத்தன. புஷ்பத்துக்கு ஓர் இருமல்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை, அவர்களைப் புதைத்த குழியில் சுண்ணாம்பு கொட்டியவன் நானே.

வியாழன். பின்னேரம் நாலு பன்னிரண்டு. மருந்தறை வாசலில் மூடுபனி...

க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

அடைபட்ட தொண்டை மூச்சிழுக்கும் சத்தம்.

இரண்டு பிள்ளைகள் நின்றன. தலைமுடியில் சுண்ணாம்பு.

ஸ்பிரிட் விளக்கின் சுடர் அவர்கள் பக்கம் சாய்ந்தது. காற்றே இல்லை.

"ஊசி..." என்றான் பையன்.

"போட்டாச்சே..."

"அக்காகிட்ட இருக்கு. எடுத்துக் குடுங்க."

பயத்திலும் என் வாய் சும்மா இருக்குமா?

"அவகிட்டயே போய் வாங்கிக்கங்க!"

இரண்டும் தலையாட்டின.

நாலு பதினைந்து. வாசலில் யாருமில்லை.

மறுநாள் காலை ஆள் வந்து கூப்பிட, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். புஷ்பம் செத்துக் கிடந்தாள்.

வேலாயி அழக்கூட இல்லை. "நேத்து நாலரைச் சங்கு ஊதுனப்பங்க. 'தாறேன்டா, இழுக்காதீங்க'ன்னு கைய நீட்டுனா ஐயா. அங்க யாருமே இல்ல. அப்பிடியே விழுந்துட்டா."

வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டை சுத்தம்.

கையைத் திருப்பினேன். ஊசி குத்திய இடம் மூன்று.

இரண்டில்... பால்பல் பதிந்து, உறிஞ்சிய தடம்.

மூன்றாவதை அதுகள் தொடவில்லை. அது அவள் பங்கு.