கண்ணில் தைத்த பனிக்குடம்

என் வலது கண்ணைக் கெடுத்தவனை நேரில் கடைசிவரை ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிட்டேன். இங்கே எழுதும்போது அவன் என்றே எழுதுகிறேன்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப் பாசனத்தில் அவனுக்கு நிறைய நிலம். எங்கள் தெருவே அவன் களத்தில்தான் கதிர் அடித்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நானும் அங்கே போனேன். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே தலை குனிந்துகொள்வேன். பதினெட்டு வயதில் ஒரு தை மாதம், கதிர் அடித்துக்கொண்டிருந்தவள் இடுப்பு வலி தாங்காமல் ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்றேன்.

“இன்னாடி வேடிக்க பாத்துக்கினு கீற?” என்று கையில் கிடைத்த கதிர்களை அள்ளி முகத்தில் அடித்தான். நெல்லின் நுனி கண்ணைக் கீறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டுமா என்று அம்மா போய்க் கேட்டாள்.

“களம் முடியட்டும்” என்றான்.

முடிய ஐந்து நாள் ஆனது. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஐந்து நாளும் அடித்தேன். தாய்ப்பால் விடச் சொன்னார்கள், விட்டோம். கருவிழியில் அரிசி அளவு வெள்ளைப் புண் வந்தது. ஆறாம் நாள் காலை ஒரு தும்மல் போட்டேன். கன்னத்தில் சூடாகத் தண்ணீர் வழிந்தது, வலி சட்டென்று குறைந்தது. கண் சரியாகிவிட்டது என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். உடைந்துபோனது என்று எனக்கு எப்படித் தெரியும்?

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர்தான் சொன்னார். கருவிழியில் ஓட்டை, உள்ளே இருக்கும் நீர் ஒழுகுகிறது, அடைக்காவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டிவரும் என்றார். எதை வைத்து அடைப்பீர்கள் என்று அம்மா கேட்டாள். வயிற்றுப் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குடத்தின் தோல் வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லிசாக இருக்கும், அதை மடித்து வைத்துத் தைத்துப் பார்க்கிறேன், நிற்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ஊசி போட்டார்கள். வலிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை நூலை இழுக்கும்போதும் புருவத்தில் இழுப்பு தெரிந்தது.

பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் பை வைத்துப் பத்து நாள் படுக்கப் போட்டார்கள். காதுதான் மிச்சம். முதல் நாளே வராந்தாவில் அவன் குரல் கேட்டது. அவன் மருமகளுக்கு அங்கேதான் பிரசவம் ஆகியிருந்தது, பேரன். நஞ்சுக்கொடியையும் அதோடு வந்த பனிக்குடத்தையும் தன் வீட்டு மண்ணில் ஆழமாகப் புதைக்க வேண்டும், நாய் வாயிலோ ஆகாதவர் கையிலோ சிக்கினால் பிள்ளைக்கு ஆகாது, ஒரு துணுக்குகூட வெளியே போகக் கூடாது என்று புதுச் சட்டியோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குக் கஞ்சி ஊட்டிய பிரசவ வார்டு ஆயாம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள். அன்று காலை இரண்டு பிரசவமாம். ஒன்று அவன் மருமகளுடையது, மற்றது கல் உடைக்கிற ஒருத்தியுடையது. என் கண்ணைத் தைத்த டாக்டர் வந்து பனிக்குடத் தோலை எடுத்துப் போனார், எந்தத் தட்டிலிருந்து எடுத்தார் என்று தனக்கே தெரியாது என்றாள்.

கண் தப்பியது. பூ விழுந்து, வெளிச்சமும் ஆள் நிழலும் மட்டும் தெரிகிற கண்ணாக நின்றது. அவன் எனக்கு ஒத்தக்கண்ணி என்று பேர் வைத்தான்.

இரண்டு வருஷம் பொறுத்தேன். ஒருநாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்துக்கு வந்தான்.

“ஏ ஒத்தக்கண்ணி, நெல்லு எது கல்லு எதுன்னு தெரிதாடி ஒனக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேட்டால் சிரித்துத்தான் ஆக வேண்டும். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“தெரிது ஆண்டே. ஒங்க பேரன் இருந்த பனிக்கொடத்துத் தோலத்தான் இந்தக் கண்ணுல வெச்சித் தச்சிகீறாங்க. ஆஸ்பத்திரில வேணா கேட்டுப் பாருங்க.”

கல் உடைக்கிறவளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் போய்க் கேட்கவில்லை. பிள்ளையை என் பார்வைக்கு மறைவாக மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். மறுநாளிலிருந்து எனக்கு நிழலில் விதை பொறுக்கும் வேலை. காற்று திரும்பினால், இந்தப் பக்கம் தூற்றாதே என்று ஆட்களை அவனே அதட்டுவான். அவன் கண்ணில் படும்போதெல்லாம் நான் புடவைத் தலைப்பால் அந்தக் கண்ணைக் கசக்குவேன். உடனே அவன் கை பேரன் தலைக்குப் போகும். வேண்டுமென்றேதான் செய்தேன். அத்தனை ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

அடுத்த அறுவடைக்கு முன் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அதுவரை எங்கள் தெருவில் கால் வைக்காதவன் முருங்கை மரத்தடியில் வந்து நின்றான். கையில் சொட்டு மருந்துப் புட்டி.

“கண்ணுல தண்ணி வருதாமே. இத்தப் போட்டுக்கோம்மா. கசக்காத.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் புட்டியை வாங்கிக்கொண்டு, முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

“களம் முடியட்டும் ஆண்டே” என்றேன்.

அது அறுவடைக் காலமே இல்லை. அவனுக்குப் புரிந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். பிள்ளைக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. நான் ஐந்து நாளும் முழுசாக முடிந்த பிறகுதான் அந்தப் புட்டியைத் திறந்தேன்.