ராத்தங்கல்

காற்றில்லாத ஆர்மோனியத்தின் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? துருத்தியை அசைக்காமல் கட்டைகளை மட்டும் அழுத்தினால் டொக் டொக்கென்று வெறும் மரச்சத்தம் வரும். இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில், வீரபாண்டியில், விடியற்காலையில் என்னை எழுப்பியது அந்தச் சத்தம்தான். அப்பாவின் தூக்கம் கெடக் கூடாதென்று அத்தை துருத்தியை மூடிவைத்துவிட்டு விரல்களை மட்டும் பழக்கிக்கொண்டிருப்பாள். ஸ்வரமெல்லாம் வாய்க்குள்ளேயே ஓடும். "பாட்டுப் படிக்கிறியா, பல்லாங்குழி ஆடுறியாக்கா?" என்று அப்பா படுத்தபடியே கேலி செய்வார். அவர் தூக்கம் எப்போதோ கெட்டிருக்கும்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். முப்பதைத் தாண்டியிருந்தாள். பிள்ளையில்லை என்று அவள் புருஷன் சின்னமனூரில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். அந்த இன்னொருத்திக்கு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்ததும், வளர்க்க ஆள் வேண்டும், திரும்பி வா என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். வெட்கங்கெட்ட மனுஷன்! இத்தனை வருஷம் கழித்தும் அவர் பேச்சை எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தை போகமாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் தம்பி வீட்டுச் சோற்றை எத்தனை காலம் தின்பது? தேனியில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருந்தது. ஆர்மோனியம் வாசித்து மதுரையில் பரீட்சை தேறிவிட்டால் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஒரு நாடகக்காரரிடம் பழைய பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அத்தை தேனிக்கு நடந்துபோய், தன்னைவிட இளைய டீச்சரம்மாவிடம், சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து கற்றாள். பிள்ளைகள் சிரிப்பார்களாம். சிரிச்சுட்டுப் போகுதுக என்பாள்.

அந்தச் சித்திரையில் அம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டதும் அத்தை காப்புக் கட்டிக்கொண்டாள். பரீட்சை தேற வேண்டும், தேறினால் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டுதல். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அதை எங்கள் பக்கம் ராத்தங்கல் என்போம். திருவிழாவுக்குப் பிறகுதான் பரீட்சை என்று அவள் நினைத்திருந்தாள். அதுவோ முந்திக்கொண்டு வந்துவிட்டது. எந்தப் பரீட்சைக்காகக் காப்புக் கட்டினாளோ, அதற்கே அந்த மஞ்சள் கயிறு குறுக்கே நின்றது. ஆத்தா விருப்பம் அதுதான் போலிருக்கிறது என்று அத்தை சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாதான் விடவில்லை. அம்மாவுக்கு அத்தை என்றால் உயிர். தன் நல்ல சீலையை எடுத்துக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, "போயிட்டு வாங்க மதினி. எல்லை தாண்டுனாக் குத்தமில்ல, ராத்தங்குனாத்தேன் குத்தம். விளக்கு வைக்கையில இங்கன இருப்பீக" என்று அனுப்பிவைத்தாள்.

பரீட்சை நன்றாக நடந்திருக்கிறது. கேள்வி கேட்டவரே, ஒரு பாட்டை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாராம். ஆனால் திரும்பி வந்த பஸ், பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்துக் கரி பஸ், ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் நின்றது நின்றதுதான். மறுநாள் வெயில் ஏறித்தான் அத்தை ஊர் வந்து சேர்ந்தாள். வீட்டுக்குக்கூட வராமல் நேரே ஆற்றில் முங்கி, கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஈரச் சீலையோடு வந்து நின்றாள். அம்மா ஒன்றும் கேட்காமல் மாற்றுச்சீலை கொடுத்தாள்.

அடுத்த வாரம் என் தம்பிக்கு அம்மை போட்டது. அப்போதுதான் நன்றாகப் பேச ஆரம்பித்திருந்தான். அத்தை சாப்பாடு தண்ணியில்லாமல் வேப்பிலையும் கையுமாக அவன் பக்கத்திலேயே கிடந்தாள். தேர் ஓடுவதற்குள் அவன் போய்விட்டான். அந்த வீட்டில் அன்று நாங்கள் அழுத அழுகையை என்னால் எழுத முடியவில்லை.

துக்கம் கேட்க வந்த பெண்கள் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "மதினி வெளியூர்ல ராத்தங்கி வந்தாக. அதுக்குப் பெறகுதேன் பிள்ளைக்குக் காச்ச கண்டுச்சு." அவ்வளவுதான். திட்டவில்லை, சாபம் விடவில்லை. கேட்ட பெண்கள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே அத்தை உலைக்கு அரிசி களைந்துகொண்டிருப்பாள். நீதானே போகச் சொன்னாய் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அம்மை. செத்த மற்றப் பிள்ளைகளின் அத்தைமாரில் யார் மதுரைக்குப் போனார்கள்? யார் ஆர்மோனியம் வாசித்தார்கள்? இதை அன்றைக்குக் கேட்க ஊரில் ஒரு நாதியில்லை.

தேறிவிட்டாள் என்று சொல்ல டீச்சரம்மா தேனியிலிருந்து ஓடிவந்தாள். அத்தை அவளுக்கு மோர் கொடுத்து, வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு ஒருநாள் துணிமூட்டையோடு சின்னமனூருக்குக் கிளம்பினாள். அப்பா வாசலை மறித்துக்கொண்டு அழுதார். "பிள்ளை வளக்கத்தானடா கூப்புடுறாக. வளத்துட்டுப் போறேன்" என்றாள். சக்களத்தி பிள்ளைகள் அத்தனை பேரையும் வளர்த்து ஆளாக்கினாள். பெட்டியை அதன்பிறகு அவள் தொடவே இல்லை.

இப்போது என் பேத்தி கீபோர்டு படிக்கிறாள். பரீட்சைக்கு மதுரைக்குப் போய், சிநேகிதி வீட்டில் இரண்டு நாள் தங்கி, கடைகண்ணி சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறாள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அத்தையை நினைத்தால் வயிறும் எரிகிறது.

அத்தை செத்தபோது அம்மாவுக்கும் தள்ளாத வயது. காரியம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, "அவுகளைப் போகச் சொன்னது நாந்தேன்" என்றாள் திடீரென்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதை அத்தை உயிரோடிருக்கும்போது ஒரு தடவையாவது அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். "அவுக மேல போடலைன்னா எம்மேலதேனடி போட்டிருக்கணும். பிள்ளையப் பறிகுடுத்தவ, அதையும் எப்படித் தூக்குவேன்?" என்றாள்.

அத்தைக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கும்.