பத்தொன்பதுக்குப் பதினாலு

பேய், முனி, காத்துக்கருப்பு எதையும் நான் நம்பினவனில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆயக்குடியில் சுடுகாட்டுப் புளியமரத்தை அமாவாசை உச்சிவேளையில் அறுத்து வண்டியில் ஏற்றினவன் நான். அதனால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், நடந்தது நடந்ததுதான்.

ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தேன். தச்சு வேலை. பங்களா ஜன்னல், பள்ளிக்கூட பெஞ்ச், எது கிடைத்தாலும் செய்வேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார டீச்சர், டோரா மிஸ் என்பார்கள், முதுகு பிளந்த ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து ஒட்டித் தரச் சொன்னார். முதுகுப் பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தேன், அட, இது வீடல்லவா! சுற்றுச்சுவர் இருக்கிறது, தரை இருக்கிறது, கூரைக்குக் கைமரம் கொடுத்த மாதிரி மெல்லிய குச்சிகள் ஒட்டியிருக்கின்றன, மேலே ஒரு வட்ட ஜன்னல். வீட்டு வேலை தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று தோன்றியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

"ஆசாரி, நீ பெஞ்ச் ரொம்ப நல்லா செய்றே," என்று சிரித்தார் மிஸ்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஒண்ணு செஞ்சு கொண்டாந்தா, உங்க பள்ளிக்கூட விழாவுல மேடையில வாசிப்பீங்களா?" என்று கேட்டேன். நன்றாக இருந்தால் வாசிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார்.

இரண்டு செய்தேன், இரண்டும் பெட்டி. தந்தியை மீட்டினால் தகரத்தில் தட்டின மாதிரி சத்தம். கடைத்தெருவில் எனக்கு 'கிட்டார் ஆசாரி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள், வெற்றிலை வாங்கப் போனால்கூட "என்ன ஆசாரி, கச்சேரி எப்ப?" என்கிறான். இதை முடிக்காமல் இந்த மலையைவிட்டு இறங்குவதில்லை என்று எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில் ஏரிக்குக் கீழே ஒரு கல் பங்களாவில் ரிப்பேர் வேலை வந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் கட்டிவிட்டுப் போனது, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதன் ஹாலில் வேலை செய்யும்போது உளி கை தவறிக் கல் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் சுவரெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சங்கூடக் கரகரப்பில்லாமல், தானாக அடங்குகிற வரைக்கும் நான் மூச்சே விடவில்லை. ஏலே, இதுதான்டா நான் தேடின சத்தம்! அண்ணாந்து பார்த்தால், ஹாலின் ஒரு முனை வளைவாக இருக்கிறது, கூரையில் ஏழு கைமரம் விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது, மேல்சுவரில் ஒரு வட்ட ஜன்னல். அந்த வீட்டையே சின்னதாகக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன், அவர்கள் ஓர் அடி வைத்த இடத்தில் நான் ஓர் அங்குலம் வைப்பேன்.

சுவர் பூச வந்திருந்த வில்பட்டி சுப்பையா கொத்தனார்தான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். நீளம் பத்தொன்பது அடி, அகலம் பதினாலு அடி என்று நான் படித்ததும் டேப்பைக் கையிலிருந்து விட்டுவிட்டார். மனையடி பார்த்து வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும், உள்ளளவு பத்தொன்பதும் ஆகாது, பதினாலும் ஆகாது.

"ரெண்டுமே ஆகாத அளவு ஆசாரி. அதான் இந்த வீட்ல எவனும் ஒரு வருசம் தங்கல. இருவதுக்குப் பதினாறு வைங்க. இந்தக் கணக்க இங்கன இருந்து எடுத்துட்டுப் போகாதீங்க."

"யோவ் கொத்தனாரே, கிட்டாருக்குள்ள யாருய்யா குடியிருக்கப் போறா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஹாலில் ஒரு கதவு காற்றில்லாமலே சாத்திக்கொள்ளும். இழுவையாக ஒரு கிரீச், அப்புறம் நிலையில் மோதி ஒரு டொக். காவல்காரர் ராமு அதற்குப் பயந்து வெளிச் சாய்ப்பில்தான் படுப்பார். நான் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நிலை சாய்ந்திருந்தது. நிமிர்த்திக் கீலை மாற்றினேன், தீர்ந்தது சோலி. இதில் பேய் எங்கே வந்தது, சொல்லுங்கள்.

கிட்டாருக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு சிராய்கூட எடுக்கவில்லை, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக்கும் முதுகுக்கும் வத்தலக்குண்டில் வாங்கின ஈட்டி மரம், மேல்பலகை ஏதோ சீமைப் பெட்டியின் பைன் பலகை. அளவு மட்டும்தான் அந்த வீட்டுடையது. மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் மதியம் மூன்றரை மணிக்கு, மூடுபனி வாசல்வரை வந்து நிற்கிற நேரம், தந்தி கட்டிச் சுருதி சேர்த்து மீட்டினேன். அதே ஹால்! அதே சத்தம்! சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மெதுவாகப் பட்டறை மேசையில் வைத்தேன்.

கிரீச். டொக்.

அடுப்படியிலிருந்து என் மனைவி பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, யாரு வந்திருக்கா? கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சே?"

ஆசாரி வீட்டுக் கதவு கிரீச்சென்று கத்துமா? டார்ச் அடித்து, முகம் பார்க்கும் கண்ணாடிச் சில்லை உள்ளே விட்டு, ஒவ்வொரு குச்சியாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக ஒட்டியிருந்தது. பனிக்கு மரம் முறுக்குகிறது என்று சொல்லிவிட்டேன், அவளிடமும் என்னிடமும்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன், மிஸ் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் "மன்னிச்சுக்கோ ஆசாரி" என்றார், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை பாடுபட்டிருந்தேன். அப்புறம் கிட்டாரை மடியில் சாய்த்தார். கிரீச், டொக். குனிந்து அந்த வட்ட ஜன்னலுக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்ளே ஆள் இருக்கு," என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "மேடையிலே இது வேண்டாம். வேற செய்."

வேறு செய்தேன், கொத்தனார் சொன்ன இருபதுக்குப் பதினாறு. கதவுச் சத்தமும் இல்லை, அந்த ஹால் சத்தமும் இல்லை, சாதுவான பெட்டி. விழாவுக்கு நாலு நாள் இருக்கையில், அந்தக் கதவையே இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று பங்களாவுக்குப் போனேன். புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது, பிள்ளைகள் ஹாலில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், கதவு விரியத் திறந்து அசையாமல் நின்றது.

"நீங்க அளவெடுத்துக்கிட்டுப் போனதுல இருந்து சத்தமே இல்ல ஆசாரி," என்றார் ராமு. "நானே இப்ப உள்ளதான் படுக்கேன். வீடு காலியாயிருச்சுன்னு வைங்க."

காலியாகி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. திரும்பி ஏறி வரும்போது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ராத்திரி பகல் பாராமல் இழைத்தவன் நான், ஒட்டினவன் நான், ஊர்ச்சிரிப்பை வாங்கினவன் நான், நடுவில் இது யார் வந்து என் மேடையைக் கெடுக்கிறது? விழாவன்று மிஸ்ஸின் கையில் காலில் விழாத குறையாக, பத்தொன்பதுக்குப் பதினாலையே வாசிக்கச் சம்மதிக்க வைத்தேன். மேடைக்குப் பக்கத்து அறையில் கிட்டாரை நிறுத்தி, வீட்டுக்காரன் குடித்தனக்காரர் கதவைத் தட்டுகிற மாதிரி மூன்று தட்டுத் தட்டினேன்.

"இந்தாருங்க, நீங்க யாரா இருந்தாலும் சரி. இது நான் கட்டுன வீடு. நான் ஜன்னல்தான் வச்சேன், கதவு வைக்கல, அது நீங்களா வச்சுக்கிட்டது. இன்னைக்கு ஒரு மணி நேரம் சத்தம் போடாம இருங்க. இருந்தீங்கன்னா இது உங்க வீடு, நான் காலி பண்ணச் சொல்ல மாட்டேன். இல்லேன்னா வெந்நீர் அடுப்புதான், ஆமா!"

மிஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். ஒரு மணி நேரம். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை, அந்த ஹால் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. என்னைக் கிட்டார் ஆசாரி என்று கேலி செய்தவன் கடைசி வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள், மிஸ் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார். கைதட்டல் ஓய்ந்ததும் எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்டது, கிரீச், டொக்.

பிறகு எத்தனையோ செய்தேன், பதினெட்டேமுக்கால், பத்தொன்பதேகால் என்று. நல்ல கிட்டார்கள்தான், அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. மிஸ் ஊருக்குத் திரும்பும்போது, இது உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். அதோ சுவரில் தொங்குகிறதே, அதுதான். ஆகாத அளவு என்றார்கள், பேச்சியம்மாள் இதோ கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். கொடுத்த வாக்குப்படி நானும் காலி செய்யச் சொல்லவில்லை.

பயமெல்லாம் எனக்குக் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. கதவைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை. சாத்தின கதவை மறுநாள் மறுபடியும் சாத்த வேண்டுமானால், நடுவில் யாராவது அதைத் திறந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக, மூடுபனி ஏறுகிற நேரத்தில், தினமும் சாத்துகிற சத்தம் கேட்கிறது. திறக்கிற சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை.