அலுமாரிக்குள் ஏழு படிவங்கள்

மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்தபடி, சாரத்தை மடித்துக்கட்டி வயல் வரம்பில் நின்ற எங்கள் பள்ளிக்கூட அதிபரை எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. போரில் இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்து, கிடுகுக் கொட்டில்களில் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பித்த காலம். பொதுப் பரீட்சை எழுதும் சாதாரண தர வகுப்பில் ஏழு பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறவேயில்லை. பெரும்பாலும் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். கரும்பலகையில் எழுதி எழுதி நான் களைத்துப்போனபோது, அவர்களை வயலுக்குக் கூட்டிவரச் சொன்னவர் அவர்தான். பரப்பளவைக் கயிறு பிடித்து அளந்தார்கள். பின்னத்தை நெல்லளக்கும் கொத்தால் படித்தார்கள். விளங்கியவர் விளங்காதவருக்குத் தன் பேச்சிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் வாய் திறக்கக்கூடாது.

"மூளை இல்லையெண்டில்லை, ரீச்சர். எங்கட பேச்சுத்தான் அதுகளுக்கு விளங்கேல்ல," என்பார்.

அந்த ஏழு பேரில் மூத்தவள் கூலிக்குக் களை பிடுங்கப் போகிறவள். ஒருநாள் கரும்பலகைக்கு வந்து, நானே தடுமாறும் ஒரு கணக்கை நிதானமாகச் செய்து முடித்தாள். அன்று நான் அழுதேன்.

பரீட்சை விண்ணப்பங்களை நிரப்பி அதிபரிடம் கொடுத்திருந்தேன். அனுமதி அட்டைகள் வந்தபோது ஏழு குறைந்தன. கேட்டேன். அவர் அலுமாரியைத் திறந்தார். ஏழு படிவங்களும் அங்கேயே இருந்தன.

"இதுகள் பெயிலானா எங்கட பெறுபேறு விழுந்திடும். பிறகு எங்களை வேற பள்ளிக்கூடத்தோட சேர்த்துப்போடுவினம்."

"அவையள் பாஸ் பண்ணுவினம், சேர்."

"பண்ணாமலும் விடலாம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓமந்தைச் சோதனைச்சாவடியில அதுகளின்ர தபால் தவறிப்போச்செண்டு சொல்லிவிடுங்கோ."

வயலில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் நம்பியிருந்தேன். அவரே நம்பவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் அந்தப் பொய்யைப் பிள்ளைகளிடம் போய்ச் சொன்னது நான்தான்.

"சண்ட நேரந்தானே, டீச்சர். நீங்க என்ன பண்ணுவீங்க," என்று மூத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். மறுநாள் முதல் அவள் வரவில்லை.

அதிபர் இப்போது இல்லை. சென்ற வருடம் அந்த மூத்தவளைச் சந்தையில் கண்டேன். கூடவே பள்ளிச் சீருடையில் மகள்.

"இவங்கதான் எனக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த டீச்சர். அந்தத் தபால் மட்டும் தொலையாம இருந்திருந்தா நானும் பாஸ் பண்ணியிருப்பேன்," என்று மகளிடம் சொன்னாள்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.