மரக்காளானுக்குச் சாட்சி சொன்ன மூக்கு

மாத்தளையிலிருந்து யட்டவத்த போகிற ரோட்டில் ஒரு வளைவில் இறங்கி மேலே ஏறினால், ரப்பரும் மிளகும் கலந்த ஒரு தோட்டம். அங்கே காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் பன்னிரண்டு வரிசையாக ஒட்டிய ஒரே ஒரு லயம். நாலாவது காம்பராவில் இருக்கிறவள் நிரோஜா. ரப்பர் பால் வெட்டுகிறவள், வயது நாற்பத்து மூன்று, பிள்ளை இல்லை. கொழும்பில் வேலை என்று போன புருஷன் அங்கேயே இன்னொருத்திக்குப் புருஷனாகிவிட்டான். அப்படிப்பட்டவளை ஊர் என்ன பாடு படுத்தும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த லயத்தில் அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காரணம் அவளுடைய மூக்கு.

ஐப்பசி மழை பிடித்தால், வெட்டிப் போட்டு மக்கிக் கிடக்கிற ரப்பர்க் கட்டைகளில் காளான் பூக்கும். பெருவிரல் நகத்தளவு தலை, தவிட்டு நிறம், நூல் மாதிரித் தண்டு. நல்லதும் கெட்டதும் ஒரே கட்டையில் அண்ணன் தம்பி போல ஒட்டி நிற்கும். பெண்கள் பிடுங்கி வந்து, அடுப்புப் பற்ற வைக்கும் முன் முறத்தோடு நிரோஜாவின் வாசலுக்கு வருவார்கள். அவள் கண்ணை மூடி மோந்து பார்த்து ஒரே ஒரு சொல் சொல்வாள். "ஆக்கு" என்றால் ஆக்கலாம். "கொட்டு" என்றால் கொட்ட வேண்டும். ஆக்கிய வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கறி அவளுக்கு வந்துவிடும்.

மூக்கை நம்பிக் காளான் தின்பது புத்தியா என்று படித்தவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவள் கலியாணமாகி வந்த மறு வருஷம் பக்கத்து வீட்டு முறத்தை மோந்து "கொட்டு" என்றாள். புதுப்பெண் சொல்லி நான் கேட்பதா என்று அந்த வீட்டுக்காரி ஆக்கி, முதலில் நாய்க்கு வைத்தாள். மூன்றாம் நாள் நாய் செத்தது. அன்றைக்குப் பிறகு லயத்தில் அந்த மூக்குக்கு எதிர்ப்பேச்சு இல்லை.

அந்த மூக்கைத்தான் கொரோனா கொண்டுபோனது. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் லயத்தையே கயிறு கட்டி அடைத்தார்கள். காய்ச்சல் ஐந்து நாளில் போனது, வாசம் திரும்பவேயில்லை. மண்ணெண்ணெய்ப் போத்தலை மூக்கில் கவிழ்க்காத குறையாக வைத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. ரப்பர்க் கொட்டில் நாற்றம் தெரியாமல் போனது மட்டும்தான் அதில் கண்ட லாபம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு யார் வாசலுக்கு வருவார்கள்? புருஷன் விட்டுப்போனவள் என்று மட்டும்தானே மிச்சம் இருக்கும்? அந்தப் பயம் அவள் வாயை அடைத்துப் போட்டது. முறம் வந்தால் முன்போலவே கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். கண்ணுக்கு நூறு வீதம் நல்லது என்று தெரிந்ததை மட்டும் "ஆக்கு" என்றாள். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் "கொட்டு". நல்ல காளான் எத்தனை குப்பைக்குப் போனதோ, அந்தப் பாவம் தனக்கு, ஆனால் ஒரு உயிரும் போகவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

இதற்கிடையில் பால் வெட்டப் போகிற வழியில் கட்டை கட்டையாகக் குந்தியிருந்து பார்க்கத் தொடங்கினாள். மேலே இருக்கிற காளானின் தூள் கீழே இருக்கிறதன் தலையில் விழுந்து கிடப்பதைக் கண்டாள். சிலதுக்கு அரிசி மாவு மாதிரி வெள்ளைத் தூள், சிலதுக்குத் துருப்பிடித்த தகரத்தின் நிறம். துரு நிறத் தூள் கொட்டுகிறதுக்குத் தண்டில் ஒரு மெல்லிய வளையம் இருக்கும், விரல் பட்டாலே உரிந்துவிடும். அன்றைக்கு அந்தப் பக்கத்து வீட்டு முறத்திலும் இதே துரு நிறம் படிந்திருந்தது ஞாபகம் வந்தது; நாயைக் கொன்ற ஜாதி அதுதான். இருபது வருஷம் மோந்து பார்த்தவளுக்கு அது இப்போதுதான் புரிந்தது.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழாம் காம்பராக் காத்தாயி முறத்தோடு வந்தாள். அவள் மருமகள் நிரஞ்சனிக்கு நாலு மாதம். தாளிக்கிற வாசத்துக்கே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுக்கிறவள், இரண்டு நாளாகக் காளான் கறி வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தாள். புருஷன் விஜேந்திரன் மழையில் போய்ப் பிடுங்கி வந்திருந்தான். காத்தாயி சுத்தக்காரி. பீலியில் குழாயாகக் கொட்டுகிற தண்ணியில் அலசி, தண்டெல்லாம் கிள்ளி, மல்லிகைப்பூ மாதிரி கொண்டுவந்து நீட்டினாள்.

நிரோஜா கண்ணை மூடி மோந்தாள். காற்றுதான் வந்தது. கண்ணைத் திறந்து விரலால் கிளறினாள். அடியில் அலசாமல் விட்ட ஒரு கொத்து கிடந்தது. அதன் கீழ்த் தலையில் துரு நிறத் தூள்.

"கொட்டிருங்க அத்தை."

காத்தாயி முறத்தை வாங்கி இடுப்பில் வைத்தாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"சரி புள்ள. நான் வர்றேன்."

அந்தச் "சரி" நிரோஜாவுக்குச் சரியாகப் படவில்லை. "கொட்டுவீங்கதானே?" என்றாள்.

காத்தாயிக்குப் பொய் சொல்ல வராது. "இல்ல புள்ள. ஒனக்கு மனசு நோவும்னு சொல்லல. நீ எதக் கொண்டாந்தாலும் கொட்டுங்கிறே. போன வருசம் நான் கொட்டல, ஆக்கினேன். ஒண்ணும் ஆவல. மத்த வீட்டுலயும் அப்படித்தான். ஒங்கிட்ட ஒரு மரியாதைக்குக் காட்டிட்டுப் போயி ஆக்கிர்றது."

நிரோஜா படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் பொய் ஊரைக் காக்கிறது என்று எண்ணியிருந்தவள் அவள். அந்தப் பொய்யோ அவள் சொல்லைச் செல்லாக்காசாக்கியிருந்தது, அதை அவளுக்குத் தெரியாமல் எல்லோரும் நாசூக்காக மறைத்தும் வைத்திருந்தார்கள். இப்போது உண்மையாகவே கொட்ட வேண்டியது காத்தாயியின் இடுப்பில் இருந்தது. அது அடுப்புக்குப் போனால் போகப்போவது ஒரு உயிரல்ல, இரண்டு.

"அத்தை, நில்லுங்க. எனக்கு மூக்கு இல்ல."

"என்னா சொல்ற?"

"கொரோனா வந்ததுலேருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியாது. மோந்து பாத்த மாரி நடிச்சேன். பயத்துல எல்லாத்தையும் கொட்டுன்னேன். அதெல்லாம் பொய்தான். இது பொய்யில்ல. இந்தத் தூளப் பாருங்க."

காத்தாயி தூளைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தாள். "நாலு வருசமா எங்கள ஏமாத்துனியா?"

"ஆமா."

"அப்ப இதை மட்டும் நான் எப்படி நம்புறது?"

சத்தம் கேட்டு நிரஞ்சனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி வந்தாள். விஷயம் காதில் விழுந்ததும் அந்தக் கொத்தில் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மறு நொடியே வீசி எறிந்துவிட்டு வாசலோரம் குந்திக்கொண்டாள். வாந்தி நின்றதும் சொன்னாள்:

"ஈரத்துணியப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்ச மாரி நாறுதுக்கா."

அதேதான். அன்றைக்கு அந்த நாயைக் கொன்ற முறத்தில் நிரோஜா மோந்தது அச்சொட்டாக அந்த வாடையைத்தான். யாருக்கும் அவள் அதை விவரித்துச் சொன்னதேயில்லை. இன்னொருத்தி வாயிலிருந்து அதைக் கேட்டதும் அவள் கண் கலங்கியது.

"அன்னைக்கு நாயக் கொன்ன முறத்துல நான் மோந்ததும் இதே வாடதான். கொட்டுங்க அத்தை," என்றாள் மறுபடியும்.

காத்தாயி கக்கூஸ் குழிப் பக்கம் போனாள். முறத்தைக் கவிழ்த்து, தட்டி, பீலியில் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். கோபம் அடங்கியிருக்காது, இன்னும் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்று நிரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். காத்தாயி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"வாசம் இல்லேன்னா சோறு எப்படிடி எறங்குது?"

நாலு வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. அவளே தன்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"வைக்கல் திங்கிற மாரிதான் அத்தை. கருவாடும் ஒண்ணுதான், பருப்பும் ஒண்ணுதான்." சொல்லும்போதே அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. மூக்கு போனதற்காக அவள் அழுதது அன்றைக்குத்தான்.

காத்தாயி அவளை அழுது முடிக்க விட்டாள்.

"புளிப்புத் தெரியுமா?"

"அது தெரியும். ஒறப்பும் தெரியும்."

காத்தாயி எழுந்து ஏழாம் காம்பராவுக்குப் போனாள். மருமகளின் வாய்க்குப் பிடிக்கும் என்று புளிப்பும் உறைப்புமாகப் போட்டு வைத்திருந்த தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுவந்து நிரோஜாவின் மடியில் வைத்தாள்.