வெறுஞ் சுளகு

இருபது வருசம் பக்டரியிலை பெட்டி ஒட்டினன். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. பக்டரியை மூடினாப் பிறகு, இஞ்சை கனடாவிலை ரூஜ் ஆத்துப் பக்கம் இருக்கிற பழைய பண்ணை மியூசியத்துக்கு வழிகாட்டி வேலை கேட்டு அப்ளிகேசன் போட்டன். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் எப்பிடிக் கமம் செய்தவை எண்டு சனத்துக்கு இங்கிலிஷிலை சொல்லவேணும். "அம்மா, யூ?" எண்டு மகள் சிரிச்சாள். சிரிக்கட்டும். எனக்கு அந்த வேலை வேணும்.

ஒரு மாதம் பாத்துத்தான் எடுப்பினம். கடைசி நாள், களஞ்சியத்துக்கை பத்துப் பதினைஞ்சு பேர் பாத்துக்கொண்டு நிக்க, மனேஜர் மனிசி என்ரை கையிலை ஒரு சுளகைத் தந்தா. அச்சொட்டா எங்கடை சுளகுதான், பனையோலைக்குப் பதிலா ஏதோ தடியிலை பின்னியிருந்தது. "உதிலை வின்னோ பண்ணிக் காட்டுங்கோ. தானியம் போட்டா எலி வரும், சும்மா ஆட்டினாக் காணும்" எண்டா. வின்னோ எண்டா, எங்கடை புடைக்கிறதுதான்.

எனக்குக் கை ஓடேல்லை. வெறுஞ் சுளகைப் புடைக்கிறதோ? வீட்டிலை சோத்துக்கு இல்லாமப் போகும் எண்டு எங்கடை ஆக்கள் கனவிலையும் செய்யமாட்டினம். ஆட்டாட்டி வேலை போயிடும், அதுவும் தெரியும். பயமாத்தான் இருந்தது. ஆனா கோவம் வந்தா எனக்கு இங்கிலிஷ் நல்லா வரும்.

"மாட்டன்" எண்டன். "வின்னோ எங்கையிருந்து வந்த சொல்லு, தெரியுமோ? நான் லைப்ரரியிலை பெரிய டிக்‌ஷனரி எடுத்துப் பாத்தனான். உங்கடை பழைய ஆக்கள் விண்ட், காத்து எண்ட சொல்லிலையிருந்துதான் அதை உண்டாக்கினவை. இஞ்சை காத்தும் இல்லை, கோதுமையும் இல்லை. பிறகென்ன வின்னோ?"

மனேஜர் போய், அடிச்ச கோதுமை ஒரு வாளி கொண்டந்தா. எல்லாரும் முத்தத்துக்கு வந்தம். நல்ல காத்து. நாலே நாலு தரம்தான் புடைச்சன். பதர் முழுக்க அவவின்ரை கறுப்புக் கோட்டிலை. மணி ஒண்டும் நிலத்திலை விழேல்லை. சனம் கை தட்டிச்சுது. பெருமை எண்டாப் பெருமை, மறைக்கத் தெரியேல்லை எனக்கு.

வேலை கிடைச்சுது. போன கிழமை புதுசா ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வேலைக்கு வந்தவள். மனேஜர் அவளின்ரை கையிலை சுளகைக் குடுக்க முன்னம், ஒரு பிடி கோதுமையை அள்ளி அதிலை போட்டா. ஏன் எண்டு பிள்ளை கேட்டாள்.

"வெறுஞ் சுளகு ஆட்டுறேல்லை," எண்டா மனேஜர். "எங்கடை வழக்கம்."